இத்தாலிக்காரிக்கு அடித்த சிவப்பு

என் புடவைகளை உடுத்தியவர்கள் மூன்று பேர். நான், என் மகள், அப்புறம் ஒரு கார்.

காருக்கு எதற்குப் புடவை என்று நீங்கள் கேட்கலாம். ராயபுரத்தில், துறைமுகத்து மதிலுக்கு இந்தப் பக்கம் குடியிருந்தவர்கள் கேட்க மாட்டார்கள். அந்தக் காலத்தில் மதிலுக்கு அந்தப் பக்கம் நிலக்கரியை மலை மலையாகக் குவித்து வைத்திருப்பார்கள். மத்தியானம் கடற்காற்று எழும்பியதும் அந்தக் கரி எங்கள் தெருவுக்குள் இறங்கும். கொடியில் காயும் வேட்டி, மூட மறந்த சோறு, தூங்குகிற குழந்தையின் காது மடல், எதையும் விடாது. தரையைத் துடைத்துவிட்டு நிமிர்வதற்குள் பாதம் கறுத்துவிடும். மூக்கைச் சிந்தினால் மை மாதிரி வரும். புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண்கள் கொஞ்ச நாள் அழுவார்கள், அப்புறம் வெள்ளைத் துணி வாங்குவதையே விட்டுவிடுவார்கள். நானும் அப்படி அழுது, அப்படியே விட்டவள்தான்.

இந்தக் கரிக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு காருக்கு பெயிண்ட் அடிக்கிற தொழிலைப் பிடித்திருந்தார் என் வீட்டுக்காரர். எந்தப் புத்தியுள்ள மனுஷனாவது செய்வானா? கேட்டால், "எங்கப்பன் வூடு இங்க கீது. நான் இன்னா அண்ணா நகர்ல போய் குந்திக்கினா பெயிண்ட் அடிப்பேன்?" என்பார். தெருக் கோடியில், சரக்கு ரயில் பாதை ஓரமாக, தகரம் வேய்ந்த ஒரு கொட்டகை. அதுதான் பட்டறை. கடல் உப்பு தின்ற வண்டிகள்தான் அதிகம் வரும். அழுகின தகட்டை வெட்டி எறிந்துவிட்டு, புதுத் தகடு வைத்துப் பற்றவைத்து, தட்டி நிமிர்த்தி, பட்டி பூசி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கடைசியில் பெயிண்ட் அடித்து அனுப்புவார்.

பெயிண்ட் அடிப்பது மட்டும் விடியற்காலையில்தான். அந்நேரம் காற்று ஊர்ப்பக்கத்திலிருந்து கடலுக்குப் போகும், கரி வராது. காற்று திரும்புவதற்குள் அடித்து முடித்து, அடித்தது காய்ந்தும்விட வேண்டும். காயாத பெயிண்டில் ஒரு பொட்டுக் கரி விழுந்தால் போச்சு, திரும்ப உப்புத்தாள்தான். அதற்காகத்தான் புடவை. வண்டியைச் சுற்றி நாலு பக்கமும் கயிறு கட்டி, பழைய நூல் புடவைகளை ஈரமாகத் தொங்கவிடுவோம். பறந்து வருகிற தூசி ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும். நைலக்ஸ் புடவை உதவாது, தண்ணீர் நிற்காது. நான் வீட்டில் ரவிக்கை தைக்கிறவள், துணியைப் பற்றி எனக்குத் தெரியும். புடவைக்குத் தண்ணீர் தெளிப்பதும் தரையை நனைப்பதும் என் வேலை. அது முடிந்ததும் பட்டறையை விட்டு என்னை விரட்டிவிடுவார்.

அவருக்கு எல்லாவற்றையும் விட அவருடைய மூக்கின் மேல்தான் கர்வம். அந்தக் காலத்துப் பழைய பெயிண்டுக்கு ஒரு வாசனை உண்டு. தின்னர் கலந்து அடித்ததும் பட்டறையே வாழைப்பழ மண்டி மாதிரி மணக்கும். முதல் கோட்டு அடித்துவிட்டு, பானெட்டுக்கு ஒரு சாண் உயரத்தில் முகத்தை வைத்துக் கண்ணை மூடி மோந்து பார்ப்பார். வாழைப்பழ வாசனை இன்னும் இருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. வாசனை போய்விட்டால் அடுத்த கோட்டுக்குத் தயார். "விரல் வச்சிப் பாத்தா ரேகை வுயும். மூக்கு வச்சிப் பாத்தா இன்னா வுயும்?" என்று பெருமையடிப்பார். அந்த மூக்குக்காகவே பீடி கிடையாது, பொடி கிடையாது. கல்யாண வீட்டில் நண்பர்கள் சிகரெட் நீட்டினால், "மூக்கு கெட்டா பொயப்பு கெட்டுப்பூடும் மாமு" என்று தள்ளிவிடுவார். நானும் என் புருஷனுக்கு ஒரு கெட்ட பழக்கம் கிடையாது என்று தெருவில் தலை நிமிர்ந்து நடந்தேன்.

இருமல் மட்டும் இருந்தது. எங்கள் தெருவில் யாருக்குத்தான் இல்லை? தூசியில் வேலை செய்கிறவர்களுக்கு வெல்லம் நல்லது, நெஞ்சில் ஒட்டினதை இழுத்துக்கொண்டு இறங்கிவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. தினமும் சாயங்காலம் அவர் குளித்துவிட்டு வந்ததும் ஒரு துண்டு வெல்லம் உடைத்துக் கொடுப்பேன். குழந்தை மாதிரி கையை நீட்டி வாங்கிக்கொள்வார். ஒரு மழைக்காலத்தில் இருமல் நிற்கவே இல்லை. பெரியாஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். டாக்டரம்மா படம் எடுத்துப் பார்த்துவிட்டு, நெஞ்சு பலவீனமாக இருக்கிறது, பெயிண்ட் அடிப்பதை நிறுத்திவிடுங்கள் என்று நேராகச் சொன்னார். என் அண்ணன் எண்ணூரில் ஒரு கம்பெனியில் வேலை செய்துகொண்டிருந்தான். அவனிடம் அழுது, கெஞ்சி, கேட் வாசலில் உட்காருகிற ஒரு வேலையைப் பேசி வைத்தேன். அவரும் சரி என்றார். மாதாவுக்கு முன்னால் மெழுகுவத்தி ஏற்றி, சரி என்று சொன்னார்.

அப்போதுதான் அவள் வந்தாள்.

லாரியில் தார்ப்பாய் போட்டு மூடிக் கொண்டுவந்தார்கள். கொண்டுவந்தவர் துறைமுகத்தில் சரக்கு எடுத்துக் கொடுக்கிற ஏஜெண்ட் ஒருவர், அவருடைய வேன்களுக்கெல்லாம் இவர்தான் பெயிண்ட் அடிப்பார். ஒரு பழைய பங்களாவைக் காலி செய்தபோது கார் ஷெட்டில் கிடந்ததாம். அந்த வீட்டுக்காரர்கள் எப்போதோ வெளிநாடு போய்விட்டார்களாம். தார்ப்பாயை எடுத்தால், இரண்டே பேர் உட்காரக்கூடிய ஒரு குட்டை வண்டி. கூரை கிடையாது. தரைத் தகடு அப்பளமாக நொறுங்கியது. சீட்டுக்குள் எலி குட்டி போட்டிருந்தது. நான் மூக்கைப் பிடித்துக்கொண்டேன். இந்த மனுஷன் பார்த்த பார்வை இருக்கிறதே, என்னைப் பெண் பார்க்க வந்த அன்றுகூட அப்படிப் பார்க்கவில்லை.

"இத்தாலி வண்டி மேஸ்திரி," என்றார் ஏஜெண்ட். "ஸ்போர்ட்ஸ் கார். என்ஜினை வேற ஆள் பார்த்துக்குவார். உடம்பு உங்க பொறுப்பு. புதுசு மாதிரி பண்ணிக் கொடுங்க. இதுக்குன்னே பைத்தியமா அலையறவங்க இருக்காங்க, விளம்பரம் கொடுத்தா வந்து வாங்கிக்கிட்டுப் போவாங்க."

இவர் மட்கார்டின் வளைவை உள்ளங்கையால் தடவிக்கொண்டே இருந்தார். "இன்னா சார் இது, தகட்ட வளைச்சானா, மாவு பெசஞ்சு பண்ணானா?" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். நான் முறைத்த முறைப்பு அவருக்குப் புரிந்தது.

"இந்த ஒண்ணுமே. இவள முடிச்சி அனுப்ச்சிட்டு எண்ணூருக்கு வந்துட்றேன். உன் அண்ணன வெய்ட் பண்ண சொல்லு."

"இவளாமே இவ! காரு உன்க்கு பொம்பளயா?"

"இத்தாலிக்காரிமே. பாரு, எலி பூந்த வூட்ல கூட எப்டி சோக்கா குந்திக்கினு கீறா பாரு."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அவள் பெயர் இத்தாலிக்காரி. நான் மட்டும் சக்களத்தி என்று கூப்பிட்டேன். "சக்களத்திக்கு சோறு போட்டாச்சா? வந்து துண்ணு" என்று பட்டறை வாசலில் நின்று கத்துவேன். தெருவே சிரிக்கும். கல்யாணமாகித் திருவொற்றியூர் போன என் மகள், ஞாயிற்றுக்கிழமை ரயிலேறி வந்தால், "இன்னா நைனா, சித்தி எப்டி கீறாங்க?" என்று கேட்பாள். அதற்கும் சிரிப்போம். சிரிப்பாகத்தான் இருந்தது அப்போது.

மாதக்கணக்கில் வேலை நடந்தது. நான் வாயாடுவேனே தவிர, பார்க்காமல் இருக்க முடியவில்லை. ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக அவளுக்கு உடம்பு தேறியது. தரைத் தகடு முழுக்கப் புதிதாகப் போட்டார். நசுங்கிய மூக்கை உள்ளிருந்து சின்னச் சின்னத் தட்டாகத் தட்டி வெளியே கொண்டுவந்தார். விளக்கு வைக்கும் குழிகளை வட்டமாக்கினார். நான் சீட்டுக்கு மாதிரி வெட்டிக் கொடுத்தேன், தினத்தாளை ஒட்டி ஒட்டி, ரவிக்கைக்கு அளவெடுப்பது போல அளவெடுத்து. தோல் தைக்க என் மெஷினில் முடியாது என்பதால் வெளியே கொடுத்துத் தைத்தார்கள். போட்டுப் பார்த்தபோது ஒரு சுருக்கம் இல்லை. "சக்களத்திக்கு நீயே ஜாக்கெட் தச்சிட்ட" என்றார். எனக்கு வந்த கோபத்தில் சிரிப்பும் வந்து தொலைத்தது.

பெயிண்ட் அடிக்கிற நேரம் நெருங்கியபோது ஏஜெண்ட் இரண்டு விதமான டப்பாக்கள் கொண்டுவந்தார். ஒன்றில் பெயிண்ட், இன்னொன்றில் அதை இறுக வைக்கிற மருந்து. இரண்டையும் கலந்து அடித்தால் கண்ணாடி மாதிரி ஆகிவிடுமாம். அப்போதுதான் அது எங்கள் பக்கம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த காலம். "இப்ப வெளிநாட்டு வண்டி எல்லாம் இதுதான் மேஸ்திரி. வாங்கறவன் முகம் பார்த்துத் தலை சீவற மாதிரி இருக்கணும். பழைய பெயிண்ட்ல அந்தப் பளபளப்பு வராது," என்றார். கூடவே ஒரு முகமூடியும் கொடுத்தார். ரப்பரில், இரண்டு பக்கமும் உருண்டை வைத்தது. ஏஜெண்டைக் குறை சொல்ல மாட்டேன். முகமூடி கொடுத்தார். அடிக்கும்போது கட்டாயம் போட்டுக்கொள்ளச் சொன்னார்.

முதல் நாள் போட்டுக்கொண்டார். ஒரு கோட்டு அடித்துவிட்டு, அதைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டார்.

"யோவ், அத்த மூஞ்சில மாட்டுய்யா. டாக்டரம்மா இன்னா சொன்னாங்க?"

"மாட்னா வாசம் தெர்லமே. ஈரம் கீதா காஞ்சிச்சா, எத்த வச்சி பாக்கறது?"

"கண்ண வச்சி பாரு!"

"கண்ணு பொய் சொல்லும்மே. போ, போய் தண்ணி ஊத்து."

பழைய பெயிண்ட் என்றால் மளமளவென்று காய்ந்துவிடும். இந்த இரண்டு டப்பா பெயிண்ட் அப்படி இல்லை. காற்று திரும்பி, கரி இறங்குகிற நேரம் வரைக்கும் பிசுபிசுவென்றே நின்றது. அதனால் எப்போதையும் விட அதிகமாகப் புடவை கட்டினோம். கொட்டகையின் சந்து பொந்தெல்லாம் அடைத்தோம். மகளின் தாவணி, என் கல்யாணத்துக்கு அடுத்த வருஷம் வாங்கிய சுங்குடி, எல்லாம் கயிறேறியது. ஒரு பொட்டுக் கரி உள்ளே போகாதபடி ஈரக் கூடாரம். உள்ளே போன காற்று வெளியே வரவும் வழியில்லை. அந்தக் கூடாரத்துக்குள் அவர் இருந்தார்.

அந்தப் பெயிண்டுக்கு அவருக்குத் தெரிந்த வாசனை எதுவும் இல்லை. வாழைப்பழம் இல்லை. மெல்லிசாக என்னவோ ஒன்று, இருக்கிறதா இல்லையா என்று தெரியாத மாதிரி. அவருக்கு அது பெரிய மானப் பிரச்சினையாகிவிட்டது. இத்தனை வருஷம் எல்லா வண்டியும் அவர் மூக்கிடம் பேசியிருக்கிறது, இவள் மட்டும் வாயே திறக்கவில்லை. ஒரு சாண் உயரத்தில் வைத்துப் பார்த்த மூக்கை இரண்டு விரல் அளவுக்கு இறக்கினார். மோந்து பார்த்துவிட்டு நிமிர்வார், மறுபடி குனிவார். அடித்து முடித்த பிறகும் வெளியே வராமல் அவள் பக்கத்திலேயே முக்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். நான் புடவைக்கு வெளியே நின்று தண்ணீர் தெளித்துக்கொண்டே, "வெளிய வாய்யா, நாஸ்தா ஆறிப் போவுது" என்று கத்துவேன். "இரும்மே, இவ இன்னும் சொல்ல மாட்டேங்கறா" என்று உள்ளேயிருந்து குரல் வரும்.

அந்தச் சிவப்பு! அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். கடைசிக் கோட்டு காய்ந்த மறுநாள் காலையில் புடவைகளை அவிழ்த்தோம். வெயில் நேராக உள்ளே வந்து அவள் மேல் விழுந்தது. பூசணிக்காய் உடைக்கிறேன், கண் பட்டுவிடும் என்று சொன்னேன். மட்கார்டில் என் முகம் தெரிந்தது, பின்னால் அவர் முகமும் தெரிந்தது. எங்கள் தெருவில், கரி படியாத ஒரே பொருள் அவள்தான். அவர் நெஞ்சை நீவிவிட்டுக்கொண்டே நின்றார்.

நெஞ்சு இறுக்கம் நடுவிலேயே ஆரம்பித்துவிட்டது. பெயிண்ட் அடித்த அன்று சாயங்காலம் மூச்சு விசில் அடிக்கும். வெறும் சளி, ஜல்பு என்பார். வெல்லம் கொடுத்தேன். சுக்கு கொடுத்தேன். அடுத்த கோட்டு அடித்த அன்று இன்னும் மோசம். கடைசிக் கோட்டு ஆன பிறகு அவரால் படுக்க முடியவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே கிடந்தார். ஒரு நாள் உதடு நீலம் பாய்ந்துவிட்டது. ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினேன்.

அதே டாக்டரம்மாதான். என்ன சுவாசித்தார் என்று கேட்டார். சொன்னேன். டப்பாவைக் கொண்டு வரச் சொல்லி அதில் எழுதியிருந்ததைப் படித்தார். பெயிண்டை இறுக வைக்கிற இந்த மருந்துக்கு வாசனை தெரியாது, தெரிகிற அளவுக்கு வந்தால் ஏற்கெனவே அதிகமாக உள்ளே போய்விட்டது என்று அர்த்தம் என்றார். கிட்டத்தில் போகவே கூடாதாமே! இந்த மனுஷன் அதை இரண்டு விரல் தூரத்தில் வைத்து மோந்து பார்த்திருக்கிறான். நான் தலையில் அடித்துக்கொண்டேன். வார்டில் அவர் முகத்தில் மருந்துப் புகை வருகிற முகமூடியை மாட்டினார்கள். பட்டறை ஆணியில் தொங்கிக்கொண்டிருந்ததுதான் எனக்கு ஞாபகம் வந்தது. "இப்ப மட்டும் மாட்டிக்கினியே, இப்ப மட்டும் மாட்டிக்கினியே" என்று அவர் காலடியில் உட்கார்ந்து அழுதேன். பக்கத்துக் கட்டிலுக்குத் துணை இருந்த அம்மாள் வந்து என் வாயைப் பொத்தினார்.

வீட்டுக்கு அனுப்பினார்கள். எண்ணூர் வேலைக்கு என் அண்ணன் வேறு ஆளைச் சொல்லிவிட்டான், காத்திருக்க முடியாது இல்லையா. நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்கும். ஏஜெண்ட் வந்து பார்த்தார், ஆஸ்பத்திரிச் செலவைக் கேட்காமலே பார்த்துக்கொண்டார். இத்தாலிக்காரியைப் படம் எடுத்து விளம்பரம் கொடுத்தாகிவிட்டது, கோயமுத்தூரிலிருந்து ஒருவர் பார்க்க வருகிறார் என்று சொன்னார்.

"நானும் வர்றேன்," என்றார் இவர்.

"நீ எங்கயும் வர வோணாம்."

"ஒரு தபாமே. அவள கட்டிக் குடுக்கசொல்லோ நான் இல்லாங்காட்டி எப்டி?"

கல்யாணப் பெண்ணுக்கு அப்பன் மாதிரி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டார். எங்கள் தெருவில் யாரும் போடாத வெள்ளை. தெருக் கோடி வரைக்கும் ஆட்டோவில் போனோம். பட்டறைக்கு வெளியே வெயிலில் இத்தாலிக்காரி நின்றாள். பக்கத்தில் முக்காலி போட்டு அவரை உட்கார வைத்தேன்.

கோயமுத்தூர்க்காரர் வயதானவர், மில் வைத்திருந்த குடும்பம் என்றார்கள். வீட்டில் இந்த மாதிரிப் பழைய வண்டிகள் நிறைய வைத்திருக்கிறாராம். பேன்ட் அழுக்காவதைப் பற்றிக் கவலைப்படாமல் தரையில் படுத்து அடியில் பார்த்தார். கதவைத் திறந்து மூடினார். விளக்கு வளையத்தைத் தடவினார். எழுந்து இவரிடம் வந்து கும்பிட்டார்.

"தகட்டு வேலை பிரமாதமுங்க. இந்த வண்டி இன்னும் ஒண்ணு ரெண்டு பார்த்திருக்கேன், இத்தனை சுத்தமா யாரும் பண்ணலீங்க."

இவர் முகம் மலர்ந்தது. எனக்கும் நெஞ்சு குளிர்ந்தது. பொய் சொல்வானேன்.

"பெயிண்ட்தான்..." என்று இழுத்தார் அவர்.

"பெயிண்டுக்கு இன்னா சார்?"

"தப்பா நினைச்சுக்காதீங்க. அடிச்சது அருமையா அடிச்சிருக்கீங்க. ஆனா இந்தப் பளபளப்பு இந்த வண்டிக்கு ஆகாதுங்க. இது பிறந்த காலத்துல இந்த மாதிரி பெயிண்டே கிடையாதுங்க. அப்ப இருந்தபடி இருந்தாத்தானுங்க இதுக்கு மரியாதை. நான் ஊருக்குக் கொண்டுபோய் இதைச் சுரண்டிட்டு, பழைய பெயிண்ட்ல அடிச்சுக்குவேனுங்க."

"பழைய பெயிண்ட்னா?"

"அதாங்க, தின்னர் கலந்து அடிப்பாங்களே. வாழைப்பழ வாசம் வருமே, அது."

பட்டறைக்குப் பின்னால் ஒரு சரக்கு ரயில் போய்க்கொண்டிருந்தது. இவர் முதலில் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் இழுப்பாகி, நான் முதுகைத் தடவித் தடவி, கொஞ்சம் அடங்கியது. தலையைத் தூக்கி அந்தப் பெரியவரைப் பார்த்தார்.

"அத்த நானே அடிச்சிருப்பேனே சார்," என்றார். "கண்ண மூடிக்கினு அடிச்சிருப்பேனே."

எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. யார் என்ன என்று பார்க்காமல் கத்தினேன். "இத்த மொதல்லயே ஒருத்தர் சொல்லக் கூடாதாய்யா? ஒருத்தர் வாயில இருந்து வரக் கூடாதா? இவுரு நெஞ்ச கொளுத்திக்கினு அடிச்சாரே, அத்தயா சொரண்டிப் போடப் போறீங்க?" ஏஜெண்ட் தலையைக் குனிந்துகொண்டார். "எனக்கு என்னம்மா தெரியும், பளபளன்னு இருந்தா நல்ல விலைக்குப் போகும்னு நினைச்சேன்," என்றார். உண்மைதான். அவருக்கு என்ன தெரியும்? யாருக்குத்தான் என்ன தெரிந்தது?

பெரியவருக்கு விஷயத்தை ஏஜெண்ட் தனியாகக் கூட்டிப் போய்ச் சொன்னார். அவர் திரும்பி வந்து இவருக்கு முன்னால் மண்ணிலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "மேஸ்திரி, உடம்பு தேறட்டுங்க. தேறினதும் கோயமுத்தூர் வாங்க. அங்க இந்தக் கரிக்காத்து இல்லீங்க. நீங்களே பழைய பெயிண்ட்ல அடிச்சுக் கொடுங்க. அது வரைக்கும் யாரையும் இதைத் தொட விட மாட்டேனுங்க. அம்மணி, நீங்களும் கூட வாங்க," என்றார்.

இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "கேட்டியாமே?" என்றார். இத்தனை நாளாக அவர் முகத்தில் இல்லாத ஒரு வெளிச்சம். ஆளைக் கொல்கிற அந்தத் தொழிலுக்குத்தான் மறுபடி கூப்பிடுகிறார்கள், நான் வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. "கேட்டேன்யா," என்றேன்.

இத்தாலிக்காரியை லாரியில் ஏற்றியபோது மதில் பக்கத்திலிருந்து கடற்காற்று எழும்ப ஆரம்பித்தது. "மூடு மூடு, கரி வுயப்போவுது" என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே கத்தினார். தார்ப்பாயை இழுத்துக் கட்டினார்கள். லாரி போன பிறகு பார்த்தேன், அவருடைய வெள்ளைச் சட்டையின் தோளில் கரி இறங்கியிருந்தது. தட்டிவிட்டேன், இழுகிக்கொண்டது.

அவர் கோயமுத்தூர் போகவில்லை. அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அடுத்த மழைக்காலத்தைத் தாண்டவில்லை. பெரியவர் காரியத்துக்கு வந்து போனார். வண்டியைப் பற்றி அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அதன் பிறகு அதற்கு யார் பெயிண்ட் அடித்தார்கள், இன்னும் அந்தச் சிவப்பில்தான் இருக்கிறதா, எனக்குத் தெரியாது. புடவைகள் மட்டும் என்னிடம் இருக்கின்றன. வெளிப்பக்கத்தில் இருந்த கரியெல்லாம் சவுக்காரம் போட்டதும் போய்விட்டது. உள்பக்கத்தில் பனித்துளி மாதிரி படிந்த சிவப்பு போகவில்லை. அந்த இடம் இன்னும் மொடமொடவென்று இருக்கும். பழைய துணிக்காரன் வந்தால் அதைப் போடுவதற்கு மனசு வருவதில்லை.

ஆனால் அவர் போய்விட்டார் என்பது எனக்கு அதற்கு முன்பே ஒரு நாள் தெரிந்துவிட்டது. லாரி போய்க் கொஞ்ச நாள் கழித்து, ஒரு காலை நேரம். கோயமுத்தூர் என்று சொன்னதிலிருந்து மனுஷன் இரண்டு வாய் அதிகமாகச் சாப்பிட ஆரம்பித்திருந்தார். அன்றைக்கு வாசலில் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "ஏமே, அந்த ஸ்ப்ரே கன்ன எடுத்து நல்லா கழுவி வை. ரெண்டு டப்பா பெயிண்ட் உள்ள ஒட்டிக்கினு இருக்கும். பழைய தின்னர் மூலையில கீது பாரு, அத்த ஊத்திக் கழுவு," என்றார்.

அவர் பக்கத்தில் தின்னரைத் திறக்க எனக்குப் பயம். தூரமாக, சந்து முனையில் குழாயடிக்குப் போய், காற்று அவர் பக்கம் போகாத மாதிரி முதுகைத் திருப்பி உட்கார்ந்து கழுவினேன். என்ன செய்து என்ன, மூடியைத் திறந்ததும் சந்தே மணத்தது. பக்கத்து வீட்டுக்காரி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "இன்னாக்கா, வாயப்பயம் வாங்கினியா? தெருவே கமகமன்னு கீது!" என்றாள். நான் பதறிப்போய், அவருக்கு மூச்சு வாங்குமே என்று, கன்னைத் துணியில் சுற்றிக்கொண்டு ஓடி வந்தேன்.

அவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் கையை நீட்டினார். கன்னை வாங்கி, துணியைப் பிரித்து, மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வழக்கம் போலக் கண்ணை மூடினார். நான் தடுப்பதற்குள் ஒரு தரம் இழுத்தார், இன்னொரு தரம் இழுத்தார். பிறகு கண்ணைத் திறந்து என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"இன்னாமே, தின்னர் ஊத்தலியா? வாசமே வர்ல."

அடுத்த வீட்டுக் குழந்தை "வாயப்பயம், வாயப்பயம்" என்று அழ ஆரம்பித்திருந்தது.

"தீந்து பூட்ச்சுய்யா," என்றேன். "தண்ணிலதான் கழுவனேன்."

"தண்ணில கழுவனா துரு புடிக்கும்மே. நாளிக்கி வாங்கினு வந்து நல்லா கழுவி வை. கோயமுத்தூர்க்கு எட்த்துனு போவணும் இல்ல?"

"வாங்கினு வர்றேன்யா," என்றேன். என் இரண்டு கையிலும் அந்த வாசனை. அவருக்குத் தெரியப்போவதில்லை என்று தெரிந்தும், கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே நின்றேன்.